சின்னச் சொற்களின் அகராதி

ஆங்கிலம்–தமிழ் அகராதிகளைப் பற்றி நாம் பேசத் தொடங்கினால் பேச்சு உடனே பெரிய சொற்களிடம் போய்விடுகிறது. கம்ப்யூட்டருக்குக் கணினியா, கணிப்பொறியா? சொப்ட்வெயருக்கு மென்பொருளா, மென்கலனா? இது பழைய பழக்கம். விவிலியத்தை மொழிபெயர்த்த பாதிரிமார் கடவுளுக்குப் பராபரன் என்று எழுதுவதா, தேவன் என்று எழுதுவதா என்று ஒரு நூற்றாண்டுக்கு மேல் விவாதித்தார்கள். பெரிய சொல்லுக்கு எப்போதும் ஒரு சபையும் ஒரு கட்சியும் கிடைத்துவிடும்.

ஆனால் ஆங்கிலத்துக்குள் குடியேறி வாழ்பவர்கள் தடுக்கி விழுவது பெரிய சொற்களில் அல்ல. ‘மோர்ட்கேஜ்’, ‘இன்சூரன்ஸ்’, ‘டயபிற்றீஸ்’ எல்லாம் வந்த ஆறு மாதத்தில் வீட்டுச் சொற்களாகிவிடுகின்றன. கெற், ரேக், புட், றன், அப், ஓஃப், ஃபைன், சொறி என்று ஓரசையிலும் ஈரசையிலும் முடிந்துபோகும் சொற்கள்தான் இருபது வருடம் கழித்தும் கணக்குத் தீராமல் நிற்கின்றன. இந்தச் சின்னச் சொற்களை நம்முடைய அகராதிகள் எப்படி நடத்தியிருக்கின்றன என்பதுதான் இந்தக் கட்டுரையின் கேள்வி. மோசமாக நடத்தியிருக்கின்றன என்பது என் எண்ணம். அதற்கான காரணமும் இழப்பும் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டியவை.

முதலில் ஆங்கிலத்தின் பக்கம். ஒக்ஸ்ஃபோர்ட் ஆங்கில அகராதியின் முதற்பதிப்பில் மிக நீண்ட பதிவைப் பெற்ற சொல் ‘செற்’. புதிய பதிப்புக்காகத் திருத்தியபோது அந்த இடத்தை ‘றன்’ பிடித்துக்கொண்டது; வினையாக மட்டும் அதற்கு 645 பொருள்களைப் பிரித்தார்கள். மூக்கு ஓடுகிறது, கடை ஓடுகிறது, தேர்தலில் ஓடுகிறார்கள், குளிக்கத் தண்ணீர் ஓட்டுகிறார்கள், கணினியில் நிரலை ஓட்டுகிறார்கள். இந்தத் தொல்லையை முதலில் முறையாக எழுதிவைத்தவர் சாமுவேல் ஜோன்சன். 1755இல் வெளிவந்த தன் அகராதியின் முன்னுரையில், கம், கெற், கிவ், புட், செற், றன், ரேக் போன்ற வினைகளின் பொருள் இவ்வளவு தளர்வாகப் பரந்து கிடப்பதால் அவற்றைப் பிடித்து வரையறுப்பதே பெரிய பாடு என்று குறைப்பட்டுக்கொள்கிறார். வினைக்குப் பின்னால் ஒட்டிக்கொள்ளும் சிறு இடைச்சொல் பொருளையே மாற்றிவிடுவதையும், பிறமொழிக்காரருக்கு அதுவே மிகக் கடினமென்பதையும் அவர் கண்டுகொண்டார். அகராதிக்காரனின் திறமை அரிய சொற்களில் அல்ல, மலிந்த சொற்களில்தான் சோதிக்கப்படுகிறது என்பது 1755இலேயே தெரிந்த விஷயம்.

இனி நம் பக்கம். பப்ரிசியஸின் அகராதி 1779இல் வந்தது, வின்சுலோவின் பேரகராதி 1862இல் வந்தது. இரண்டும் தமிழிலிருந்து ஆங்கிலத்துக்குப் போகிறவை. வின்சுலோவின் அகராதிக்கு அடித்தளம் யாழ்ப்பாணத்தில் போடப்பட்டது; நைற் பாதிரியார் தொடங்கிய சொற்சேகரிப்பின் மேல்தான் அது கட்டப்பட்டது. அதே நைற்றும் ஸ்போல்டிங்கும் ஆங்கிலத்திலிருந்து தமிழுக்கும் ஓர் அகராதி செய்தார்கள்; மானிப்பாய் மிஷன் அச்சகம் அதை அச்சிட்டது. இந்த உழைப்பைக் குறைத்துச் சொல்ல யாருக்கும் உரிமை இல்லை. ஆனால் அந்த அகராதிகளின் முதல் வாசகர் யார் என்று கேட்க வேண்டும். ஆங்கிலம் தெரிந்த, தமிழ் தேடுகிற ஒருவர். அவருக்கு ‘கெற்’ என்றால் என்னவென்று யாரும் சொல்லித் தரத் தேவையில்லை. எந்த இடத்தில் எந்தப் பொருள் என்பது தாய்ப்பாலோடு வந்தது. பத்துத் தமிழ்ச் சொற்களை வரிசையாக வைத்தால் அவரே ஒன்றைப் பொறுக்கிக்கொள்வார். தமிழ் தெரிந்த, ஆங்கிலம் தேடுகிற ஒருவருக்கோ அதே வரிசை ஒரு மூட்டை. அவிழ்த்துக் கொட்டலாம், எதை எடுப்பதென்று தெரியாது.

சிக்கல் என்னவென்றால், வாசகர் மாறிய பிறகும் அகராதியின் வடிவம் மாறவில்லை. சென்னைப் பல்கலைக்கழகம் 1963க்கும் 1965க்கும் இடையில் வெளியிட்ட ஆங்கிலம்–தமிழ் சொற்களஞ்சியத்தை எடுத்துக்கொள்வோம். அ. சிதம்பரநாதன் செட்டியார் தலைமைப் பதிப்பாசிரியர். 1956இல் சென்னை மாநிலத்தில் ஆட்சிமொழிச் சட்டம் வந்திருந்தது. அதே 1956இல் கொழும்பில் தனிச் சிங்களச் சட்டம் வந்தது. எந்தத் துறையின் எந்தச் சொல்லுக்கும் தமிழில் ஒரு சொல் உண்டு என்று காட்டியாக வேண்டிய காலம் அது. அந்தப் பணியை அந்தச் சொற்களஞ்சியம் செம்மையாகச் செய்தது. தாவரவியலுக்கும் சட்டத்துக்கும் கப்பற்கட்டுமானத்துக்கும் அது தருகிற சொற்களை இன்றும் நன்றியோடு எடுத்தாளலாம். ஆனால் ஒரு சொல்லுக்கு எதிரே ஒத்த சொற்களை அரைப்புள்ளி போட்டு அடுக்குவதுதான் அதன் முறை. எடுத்துக்காட்டு வாக்கியத்துக்கு அதில் இடமில்லை. ஒரே பொருளுள்ள பெரிய சொல்லுக்கு இந்த முறை போதும். நூறு பொருளுள்ள சின்னச் சொல்லுக்கு வாக்கியம் இல்லாத விளக்கம் முகவரி இல்லாத கடிதம்.

லிப்கோ அகராதி வேறு வகை. கையில் அடங்கும், மலிவு, பள்ளிக்கூடப் பைக்குள் போகும்; ஆங்கிலத்திலும் தமிழிலும் பொருள் தரும். கடலின் இரு கரையிலும் நம்மில் பலருக்கு முதல் ஆங்கில ஆசான் அதுதான். அதோடு சேர்த்து மரபுத்தொடர்களைப் பட்டியலாக மனப்பாடம் செய்கிற பழக்கமும் வளர்ந்தது. பூனையும் நாயுமாக மழை பெய்வதையும் நள்ளிரவு எண்ணெய் எரிப்பதையும் பரீட்சைக்குப் படித்தோம். இருபது வருடமாக ரொறன்ரோ அலுவலகங்களில் கூட்டத்துக்குக் கூட்டம் உட்கார்ந்திருக்கிறேன். பூனையும் நாயுமாக யார் வாயிலிருந்தும் மழை பெய்ததில்லை. அங்கே தினமும் புழங்குவது ‘லுக் இன்ரு’, ‘கெற் பாக்’, ‘கம் அப் வித்’, ‘லெற் கோ’ போன்றவை. கடைசியாகச் சொன்னதைச் சொல்லுக்குச் சொல் தமிழாக்கினால் ‘உங்களைப் போக விடுகிறோம்’ என்று வரும். கேட்க ஏதோ தயவுபோல இருக்கும். உண்மையில் அது ‘வேலையிலிருந்து நிப்பாட்டிவிட்டோம்’ என்பதற்கு ஆங்கிலம் உடுத்திவிட்ட சட்டை. இன்னொன்று, விருந்தில் கோப்பி வேண்டுமா என்று கேட்டால் ‘ஐ ஆம் ஃபைன்’ என்று வருகிற பதில். ‘நல்லாயிருக்கிறேன்’ என்று அகராதி சொல்லும். ‘வேண்டாம்’ என்பதே பொருள்.

இதே சிக்கலை மற்றவர்கள் எப்படித் தீர்த்தார்கள் என்று பார்ப்பது பயன் தரும். இன்று உலகம் முழுவதும் மாணவர் கையிலுள்ள ஒக்ஸ்ஃபோர்ட் பயில்வோர் அகராதி இங்கிலாந்தில் பிறந்ததல்ல. ஏ. எஸ். ஹோர்ன்பி ஜப்பானில் ஆங்கிலம் கற்பித்துக்கொண்டிருந்தபோது உருவாக்கி 1942இல் தோக்கியோவில் வெளியிட்டது அதன் முதல் வடிவம். ஜப்பானிய மாணவன் எங்கே தடுக்கினானோ அங்கே அந்த அகராதி நின்று பேசியது: இந்த வினைக்குப் பின் என்ன வரலாம், என்ன வரக்கூடாது, ஒரு வாக்கியத்தில் வைத்தால் எப்படி ஒலிக்கும். மைக்கேல் வெஸ்ட் நமக்கு இன்னும் அருகில், டாக்காவில், வங்காளி மாணவர்களிடையே வேலை செய்தவர். 1953இல் அவர் பதிப்பித்த பொதுச்சொற் பட்டியல் ஏறக்குறைய 2000 சொற்களைத் தருகிறது. சொற்களை மட்டும் தரவில்லை. ஒரு சொல்லின் ஒவ்வொரு பொருளும் நூற்றுக்கு எத்தனை தடவை வருகிறது என்றும் சொல்கிறது. எதை முதலில் கற்க வேண்டும் என்று தெரிந்துகொள்ள வேறென்ன வேண்டும்?

ஓக்டன் என்பவர் 1930இல் 850 சொற்களில் ‘பேசிக் இங்கிலிஷ்’ என்று ஒரு சுருக்க ஆங்கிலம் செய்தார். அதில் வினைகள் வெறும் 18. கேட்க எளிமை. ஆனால் அந்தப் பதினெட்டில் கெற்றும் புட்டும் ரேக்கும் இருந்தன. அவற்றோடு அப்பும் ஓஃபும் சேர்ந்தால் என்ன வருமென்று தனித்தனியாகப் படிக்க வேண்டியிருந்தது. பெரிய சொற்களை நீக்கினால் மொழி எளிதாகும் என்ற நம்பிக்கை எவ்வளவு பிழையானது என்பதற்கு ஓக்டனின் பட்டியலே சாட்சி.

சின்னச் சொல் ஆங்கிலத்துக்கு மட்டும் உரிய நோய் என்று நினைத்துவிடக் கூடாது. தமிழில் அது வேறு இடத்தில் உட்கார்ந்திருக்கிறது. ஆங்கிலம் வினைக்குப் பின் இடைச்சொல் வைக்கிறது. நாம் வினைக்குப் பின் துணைவினை வைக்கிறோம். அங்கே ‘அப்’ செய்கிற வேலையை இங்கே தீர், முடி, விடு செய்கின்றன. ‘ஈற் அப்’ என்பதில் ‘மேலே’ எதுவும் இல்லை. ‘சாப்பிட்டு முடி’ என்பதுதான் அது. ‘யூஸ் அப்’ என்றால் ‘செலவழித்துத் தீர்’. இன்னும் நுட்பமாக, வந்தான், வந்துவிட்டான், வந்து சேர்ந்தான், வந்து தொலைந்தான் என்ற நான்கிலும் வருகிற ஆள் ஒருவனே. பார்க்கிறவரின் மனம் வேறு வேறு. இப்படி அமைப்புக்கு அமைப்பு பொருத்திக் காட்டுகிற ஓர் ஆங்கிலம்–தமிழ் அகராதி இருந்தால் பாதிப் பாரம் குறைந்துவிடும். ‘லுக் இன்ரு’ என்பதற்கு ‘ஆராய்’ என்று எழுதுவதைவிட, நம்மூர்க் கந்தோரில் சொல்லுகிற ‘பார்ப்பம்’ என்று எழுதினால் வாசகருக்கு அதன் வாக்குறுதி எவ்வளவு பெறும் என்பதும் சேர்த்தே விளங்கும்.

தமிழின் சின்னச் சொற்களுக்கு இந்த மரியாதையைச் செய்த அகராதி ஒன்று உண்டு. 1992இல் வந்து, 2008இலும் 2020இலும் விரிந்த க்ரியாவின் தற்காலத் தமிழ் அகராதிதான் அது. எடு, விடு, போடு, பிடி போன்ற வினைகளைப் பொருள் பொருளாகப் பிரித்து, ஒவ்வொன்றுக்கும் வாக்கியம் தந்து, துணைவினையாக நிற்கும்போது என்ன செய்கிறதென்றும் சொல்கிறது. அகராதி என்றால் அரிய சொற்களின் அருங்காட்சியகம் என்றிருந்த நம் எண்ணத்தை மாற்றியது அது. க்ரியா ராமகிருஷ்ணன் 2020இல் மறைந்தார். அந்த முறையில் ஆங்கிலத்திலிருந்து தமிழுக்கு வருகிற அகராதி ஒன்று இன்னும் எழுதப்படாமலே இருக்கிறது.

எழுதப்படும்போது எந்தத் தமிழ் என்ற கேள்வியும் எழும். ‘எடு’ என்ற ஒரு சொல் போதும். யாழ்ப்பாணத்தவர் ‘உனக்குக் கோல் எடுக்கிறன்’ என்றால் தானே அழைக்கப்போகிறார். சென்னைக்காரர் ‘போன் எடு’ என்றால் வருகிற அழைப்புக்குப் பதில் சொல்லச் சொல்கிறார். அழைப்பதென்றால் அவருக்குப் ‘போன் போடு’. ஆங்கிலத்தின் ‘ரேக் த கோல்’ சென்னையின் பக்கம் நிற்கிறது. பரீட்சையிலோ ஆங்கிலமும் யாழ்ப்பாணமும் ஒரே பக்கம். நாங்கள் சோதினை எடுத்தோம், அவர்கள் எழுதினார்கள். பிக்கரிங்கில் ஒரே தெருவில் இரண்டு வகையினரும் இருக்கிறோம். ஒரே ஒரு ‘எடு’வை மட்டும் தருகிற அகராதி ஒரு பகுதியினருக்குத் தவறான வழி காட்டும்.

இதுவரை சொன்னவை அசௌகரியங்கள். இனிச் சொல்லப்போகும் மூன்றும் அப்படியல்ல.

முதலாவது, சொறி. யாழ்ப்பாண எழுத்துமுறையில் அது தோல் அரிப்பாகவும் வாசிக்கப்படும் என்பது பழைய பகிடி. பகிடிக்கு அப்பால், இந்தச் சொல்லுக்குள் இரண்டு வேறு செயல்கள் இருக்கின்றன. சாவீட்டில் சொல்லும் சொறி துக்கத்தில் பங்கெடுப்பது. காலை மிதித்தபின் சொல்லும் சொறி பிழையை ஏற்பது. தமிழில் இவற்றுக்கு ஒரே சொல் கிடையாது. ‘மன்னிக்கவும்’ என்று சொன்னால் பிழை என்னுடையது. ‘கவலையாயிருக்கிறது’ என்று சொன்னால் பிழையைப் பற்றிப் பேச்சே இல்லை. ஆங்கிலம் பிரிக்காமல் விட்டதால் வழக்கு வந்தது: விபத்து நடந்த இடத்தில் சொறி சொன்னால் குற்றத்தை ஒப்புக்கொண்டதாகிவிடுமா? ஒன்ராறியோ 2009இல் இதற்கென்றே மன்னிப்புச் சட்டம் ஒன்றை இயற்றியது. பிழையை ஏற்றாலும் ஏற்காவிட்டாலும், அனுதாபமோ வருத்தமோ தெரிவிக்கும் சொற்களும், தான் சொறி என்று சொல்வதும், அந்தச் சட்டத்தின்படி மன்னிப்பு என்றே கொள்ளப்படும். உரிமையியல் வழக்கில் அதைப் பொறுப்பை ஏற்றதற்குச் சான்றாக எடுக்க முடியாது. ஈரசைச் சொல் ஒன்றின் பொருளை ஒரு சட்டமன்றம் கூடி விளக்க வேண்டியிருந்தது. நம் அகராதியோ ‘வருந்துகிற, துயரமான’ என்று எழுதி அடுத்த சொல்லுக்குப் போய்விடுகிறது. வைத்தியசாலையில் மருத்துவர் சொறி என்றதும் ‘அவரே தன் பிழை என்று சொல்லிவிட்டார்’ என்று ஒரு குடும்பம் நினைத்தால், அந்த நினைப்பில் அகராதிக்கும் பங்குண்டு.

இரண்டாவது, மறுதிசையில் நடப்பது. கனடாவின் உரிமைகள் சாசனத்தின் 14ஆம் பிரிவு, நீதிமன்ற நடவடிக்கையில் மொழி விளங்காதவருக்கு மொழிபெயர்ப்பாளரை உரிமையாக்குகிறது. 1994இல் திரான் என்பவரின் வழக்கில் உச்ச நீதிமன்றம் அந்த மொழிபெயர்ப்பு தொடர்ச்சியாக, துல்லியமாக, பக்கச்சார்பின்றி, தகுதியோடு, உடனுக்குடன் இருக்க வேண்டும் என்று அளவுகோல் வகுத்தது. 1986இல் நியூஃபவுண்லாந்துக் கரைக்கப்பால் இரண்டு உயிர்காப்புப் படகுகளில் மிதந்த 155 பேரிலிருந்து 2010இல் சன் சீ கப்பலில் வந்த 492 பேர் வரை, நம்மவர் எத்தனையோ பேர் தங்கள் கதையை இன்னொருவர் வாயால் சொல்லியிருக்கிறார்கள். அந்தக் கதைகளில் பெரிய சொற்கள் குறைவு. ‘பிடிச்சவங்கள்’, ‘கொண்டுபோனவங்கள்’, ‘அடிச்சவங்கள்’, ‘போட்டிட்டாங்கள்’. கடைசிச் சொல்லை அகராதியின் முதற்பொருளில் மொழிபெயர்த்தால் ஒரு பொருளைக் கீழே வைத்ததாக வரும். கேட்ட எங்களுக்கு அது ஒரு கொலை. ‘இயக்கத்துக்குப் போனவர்’ என்பதில் உள்ள ‘போ’ நடந்து போனதா, சேர்ந்ததா, வேலைக்காகப் போய்வந்ததா என்று ஆங்கிலம் கேட்கும். பதிலைப் பொறுத்து ஒருவர் இந்த நாட்டில் இருக்கலாம், இருக்க முடியாமலும் போகலாம். துல்லியம் என்ற அளவுகோலை நீதிமன்றம் தந்துவிட்டது. அதற்கான கருவியைச் செய்து கொடுப்பது நம் வேலை.

மூன்றாவது, ‘டிஸப்பியர்’. மறை, காணாமற் போ என்று அகராதி சொல்லும். இரண்டும் தன்வினை, மறைவதும் போவதும் ஆள்தான். ஆங்கிலத்திலும் நெடுங்காலம் அப்படித்தான் இருந்தது. ஜோசப் ஹெலரின் 1961ஆம் ஆண்டு நாவலான ‘கச்-22’இல், ஒருவனை ‘மறையச் செய்யப்போகிறார்கள்’ என்ற பொருளில் அந்தச் சொல் பிறவினையாக வருகிறது. கேட்கும் பாத்திரம், இது இலக்கணமாகவே இல்லையே என்று திகைக்கிறது. பிறகு ஆர்ஜன்ரீனாவிலும் சிலியிலும் ஆட்கள் இரவில் கொண்டுபோகப்பட்டார்கள். ஸ்பானிய வழக்கைப் பின்பற்றி ஆங்கிலமும் ‘டிஸப்பியர்ட்’ என்பதைச் செய்யப்பட்ட செயலாக ஏற்றது. 2006இல் ஐ.நா. பொதுச்சபை வலிந்து காணாமல் ஆக்கப்படுவதற்கு எதிரான சமவாயத்தை நிறைவேற்றியது. இலங்கை 2016இல் அதை ஏற்றது.

அதே 2016இல் இலங்கை நாடாளுமன்றம் ஓர் அலுவலகத்துக்கான சட்டத்தை இயற்றியது. அதன் ஆங்கிலப் பெயரில் இருப்பது ‘மிஸ்ஸிங்’. தமிழ்ப் பெயரில் இருப்பது ‘காணாமற் போன’. 2017 பெப்ரவரி 20ஆம் திகதி கிளிநொச்சி கந்தசுவாமி கோயில் முன்றலில் தாய்மார் போராட்டம் தொடங்கினார்கள். வவுனியா முதலிய ஊர்களிலும் அது பரவியது. அவர்கள் ஏந்திய சொல் ‘காணாமல் ஆக்கப்பட்டோர்’. போ என்பதை எடுத்துவிட்டு ஆக்கு என்பதை வைத்தார்கள். அதற்குச் செயப்பாட்டு விகுதி சேர்த்தார்கள். அவ்வளவுதான் மாற்றம். ஆனால் போனவரைத் தேடுவது அலுவலகத்தின் வேலை. ஆக்கியவரைக் கேட்பது நீதிமன்றத்தின் வேலை. இராணுவத்திடம் கையால் பிடித்து ஒப்படைத்த மகனை ‘போனான்’ என்று எழுத ஒரு தாய் மறுப்பது இலக்கணத் திருத்தமும்தான். எந்தக் கலைச்சொல் குழுவும் கூடாமல், எந்தப் பல்கலைக்கழகமும் அச்சிடாமல், தெருவோரக் கொட்டகையில் செய்யப்பட்ட இந்தச் சொல்லாக்கம் அண்மைக்காலத் தமிழில் நடந்தவற்றுள் மிகத் துல்லியமான ஒன்று என்று நினைக்கிறேன்.

இதையெல்லாம் இயந்திரம் பார்த்துக்கொள்ளும் என்று என் தொழில்காரர் சொல்வார்கள். இயந்திர மொழிபெயர்ப்பு இப்போது வாக்கியத்தைப் பார்க்கிறது. பழைய அகராதியைவிட அது மேல் என்பது உண்மை. ஆனால் அது கற்றுக்கொள்வது நாம் முன்பே செய்துவைத்த மொழிபெயர்ப்புகளிலிருந்து. ‘டிஸப்பியர்ட்’ என்பதற்கு ஆயிரம் இடத்தில் ‘காணாமற் போனார்’ என்று நாம் எழுதி வைத்திருந்தால், ஆயிரத்தோராவது இடத்தில் அது அப்படியேதான் எழுதும். தாய்மாரின் சொல்லை அது தானாகக் கண்டுபிடிக்காது.

அகராதி என்ற பெரிய பேச்சை நாளைக்கு வைத்துக்கொண்டாலும், இன்று செய்யக்கூடியது ஒன்று உண்டு. நூறு சின்னச் சொற்கள் போதும். ஒவ்வொன்றுக்கும் வெஸ்ட் செய்ததுபோல அதிகம் வரும் ஐந்தாறு பொருள்கள். ஹோர்ன்பி செய்ததுபோல ஒவ்வொரு பொருளுக்கும் ஒரு வாக்கியம். க்ரியா செய்ததுபோல தற்காலத் தமிழ். அதில் யாழ்ப்பாணம், மட்டக்களப்பு, மலையகம், சென்னை, மதுரை என்று வழக்கு வேறுபடும் இடத்தில் வேறுபாடு. நீதிமன்றத்திலும் வைத்தியசாலையிலும் முப்பது வருடம் நின்று மொழிபெயர்த்து ஓய்வுபெற்றவர்கள் நம் நகரங்களில் இருக்கிறார்கள். ஒவ்வொரு சொல்லும் எந்த இடத்தில் எவரை மாட்டிவிட்டது என்பது அவர்களுக்குத் தெரியும்; எந்த அகராதியிலும் அது இல்லை. அவர்களை உட்காரவைத்துக் கேட்டு எழுதத் தொடங்கலாம். முதற்சொல்லாகச் சொறியை எடுக்கலாம்.